காய்ச்சல் இல்லை, கிருமி உண்டு! ஹோட்டல் தொழிலாளியின் பிழைப்புக்கு யார் பொறுப்பு?

கேரளத்தில் ஹோட்டல், டீக்கடை, பேக்கரி எதுவானாலும் சரி, உணவைக் கையால் தொட்டு வேலை செய்கிற ஒவ்வொருவரும் ‘ஹெல்த் கார்டு’ வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஹோட்டல் உணவு சாப்பிட்ட நர்ஸ் ஒருவர் கோட்டயத்தில் இறந்துபோனதை அடுத்து மாநில அரசு இந்த விதியைக் கண்டிப்பாக அமல் செய்ய முற்பட்டது. பதிவு பெற்ற டாக்டர் ஒருவர் தொழிலாளியின் உடலைப் பார்க்க வேண்டும். கண் பார்வை, தோல் நோய், புண், காயம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை செய்து, டைபாய்டு தடுப்பூசி போட்டாயிற்றா என்று கவனித்த பிறகே கையெழுத்திட வேண்டும். கார்டு ஓராண்டு செல்லும்.

திருவனந்தபுரத்தில் சாலை பஜார், கிழக்கே கோட்டை, தம்பானூர், கரமனை வட்டாரங்களில் தோசைக் கல்லின் முன்பும் பரோட்டாக் கல்லின் முன்பும் நிற்பவர்களில் திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் எத்தனையோ பேர். சரக்கு மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர், கிளீனர் என்று வந்து, மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்பிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். ஆகவே இந்தக் கார்டு அவர்களுடைய அரிசி விஷயம்.

கார்டு கேட்பது நியாயம்தான். சாப்பிட வருகிறவன் தன் உயிரைச் சமையலறையை நம்பி ஒப்படைக்கிறான். ஆனால் இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. நோயுள்ளவனை டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல், கிருமியை மட்டும் சுமந்து கொண்டிருப்பவன் கதி என்ன? அவனை என்ன செய்வது? அவன் பிழைப்புக்கு யார் பொறுப்பு?

பித்தப்பையில் குடியிருக்கும் கிருமி

டைபாய்டு காய்ச்சல் கண்டவர்களில் பெரும்பாலோர் மருந்து சாப்பிட்டுக் குணமடைகிறார்கள். கிருமியும் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. ஆனால் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரை, காய்ச்சல் நின்று ஓராண்டு கழிந்த பின்னும் கிருமியைச் சுமந்து கொண்டிருக்கிறார்கள். கிருமி போய் ஒளிந்துகொள்வது பெரும்பாலும் பித்தப்பையில். பித்தக்கல் உள்ளவர்களிடம் அது மேலும் உறுதியாகக் குடியேறிவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். சிலருக்கு முதலில் வந்த காய்ச்சலே இலேசாக இருந்து, டைபாய்டு என்று தெரியாமலே கூடப் போயிருக்கும்.

இப்படிப்பட்டவர் நன்றாகச் சாப்பிடுவார், நன்றாக உழைப்பார். அவருடைய மலத்தின் வழியே கிருமி வெளியேறும். கையைச் சரியாகச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சட்னியையோ, வெட்டிய பழத்தையோ, தண்ணீர்க் குடத்தையோ தொட்டால் கிருமி அடுத்தவர் வயிற்றுக்குப் போகும். கொதிக்கக் கொதிக்க வெந்த உணவில் கிருமி சாகும். வெந்த பிறகு கையால் தொடும் உணவிலும், வேக வைக்காத உணவிலும்தான் ஆபத்து.

இவரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ‘வைடால்’ என்ற இரத்தப் பரிசோதனை பலருக்கும் தெரிந்த பெயர். அது முன்பு எப்போதோ வந்த காய்ச்சலுக்கும், சில சமயம் தடுப்பூசிக்கும் கூடப் பாசிட்டிவ் காட்டும். கிருமி சுமப்பவரை அதை வைத்துச் சொல்ல முடியாது. மலத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். கிருமி தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதால் ஒரு முறை பார்த்தால் போதாது; பல முறை பார்க்க வேண்டும்.

தடுப்பூசி பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டவரைக் காய்ச்சலிலிருந்து அது காக்கும். ஏற்கெனவே பித்தப்பையில் குடிபுகுந்த கிருமியை அது விரட்டாது. ஆக, ஊசி போட்டுக் கார்டும் வாங்கிய ஒருவர், தமக்கே தெரியாமல் கிருமி சுமப்பவராக இருக்கக்கூடும். கார்டு இல்லாத இன்னொருவரிடம் கிருமியே இல்லாமலும் இருக்கலாம்.

அமெரிக்காவில் ஒரு சமையற்காரி

ஆரோக்கியமான ஒருவர் டைபாய்டைப் பரப்பக்கூடும் என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் 1902ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். ஆனால் உலகம் அதைப் புரிந்துகொண்டது ஒரு சமையற்காரியின் கதையினால்தான்.

மேரி மாலன் என்பவர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர். நியூயார்க் பக்கத்துப் பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்தார். 1906ஆம் ஆண்டு கோடையில், ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு பாங்கர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் 11 பேரில் 6 பேர் டைபாய்டில் விழுந்தனர். காரணம் தேடிய ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதார என்ஜினீயர், அந்தச் சமையற்காரி முன்பு வேலை பார்த்த வீடுகளையும் விசாரித்தார். அவர் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் டைபாய்டும் பின்னால் போயிருந்தது. மேரிக்கோ ஒரு நாளும் காய்ச்சல் வந்ததாக நினைவில்லை. “உன்னிடம் நோய் இருக்கிறது” என்று ஒரு அந்நியர் வந்து சொன்னபோது அவர் முட்கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டினார் என்கிறார்கள். அதில் ஆச்சரியமில்லை.

1907ஆம் ஆண்டு போலீஸ் உதவியுடன் அவரைப் பிடித்துச் சென்று, நியூயார்க்கை ஒட்டிய நார்த் பிரதர் தீவில் தனியே வைத்தார்கள். 1909இல் அவர் நீதிமன்றம் போயும் விடுதலை கிட்டவில்லை. 1910இல், இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். அவர் துணி வெளுக்கும் வேலைக்குப் போனார். சமையலில் கிடைத்த கூலி அதில் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி கரண்டி பிடித்தார். 1915இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு கண்டது, இருவர் இறந்தனர். அங்கே சமையல் செய்தவர் மேரிதான். திரும்பவும் அதே தீவு. 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இரண்டு தடவையும் சேர்த்து 26 ஆண்டு.

இந்தக் கதையில் இரண்டு பக்கம் உண்டு. இறந்துபோனவர்களின் பக்கம் ஒன்று. தனக்குச் சொல்லப்பட்டதைத் தெரிந்துகொண்டும், பெயர் மாற்றிப் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே சமைக்கப் போனது சரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மறுபக்கமும் பார்க்கத் தக்கது. அவர் இறக்கும் காலத்துக்குள் நியூயார்க்கில் அவரைப் போலக் கிருமி சுமப்பவர்கள் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தார்கள். ஆயுள் முழுவதும் தீவில் அடைக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். தனியாள், பெண், வெளிநாட்டிலிருந்து வந்த வேலைக்காரி. “சமைக்காதே” என்று சொன்னவர்கள், அதே சம்பளத்துக்கு வேறு வேலை ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்திருந்தால் 1915 சம்பவம் நடந்திருக்குமா?

இங்கிலாந்தும் இதில் நல்ல பெயர் எடுக்கவில்லை. எப்சம் நகரில் இருந்த லாங் க்ரோவ் மனநோய் ஆஸ்பத்திரியில், டைபாய்டு கிருமி சுமந்த பெண்கள் 40க்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த விஷயம் 2008இல் பி.பி.சி. மூலம் வெளிவந்தது.

பூந்துறையில் நடந்தது

இவையெல்லாம் எங்கோ கடல் கடந்த கதைகள் என்று தள்ளிவிட முடியாது. திருவனந்தபுரமே 2020 ஜூலையில் இதே கேள்விக்கு முகம் கொடுத்தது. அப்போது கிருமி வேறு, கொரோனா. கேள்வி ஒன்றுதான்.

அந்த மாதம் 6ஆம் தேதி முதல் மாநகராட்சி எல்லை முழுவதும் ‘டிரிபிள் லாக்டவுன்’. கடலோரப் பூந்துறையில் சில நாட்களில் சுமார் 600 பேரைப் பரிசோதித்ததில் 119 பேருக்குக் கிருமி இருந்தது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து மீன் வாங்கி வந்து விற்ற ஒரு வியாபாரி வழியாகப் பரவியது என்றார்கள் அதிகாரிகள். கிருமி இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாதவர்கள் பலர். கமாண்டோ போலீசார் இறக்கப்பட்டார்கள். கடலுக்குப் போக முடியாது. கடைக்குப் போக முடியாது. பூந்துறைக்காரன் என்றாலே அக்கம்பக்கத்தில் ஒதுக்குகிறார்கள் என்ற மனக்குறை வேறு. ஜூலை 10ஆம் தேதி மக்கள் தெருவில் இறங்கினார்கள். சுகாதார ஊழியர்கள் வந்த காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அரசு அரிசி கொடுத்தது வாஸ்தவம். பூந்துறை, மாணிக்கவிளாகம், புத்தன்பள்ளி ஆகிய 3 வார்டுகளில் குடும்பத்துக்கு 5 கிலோ இலவசமாக என்று அறிவித்தார்கள். ஆனால் நோயில்லாத உழைப்பாளியை வீட்டில் உட்கார வைத்தபோது, 5 கிலோ அரிசி எத்தனை நாளைக்கு? மீன் விற்றுக் கடன் அடைக்க வேண்டியவன் என்ன செய்வான்?

அப்புறம் நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. ஊர்ப் பெரியவர்களும் பங்குத் தந்தையரும் பேசினார்கள். மக்களின் குறைகள் காதில் விழுந்தன. கலவரம் நடந்து இரண்டே நாளில், அதே பூந்துறைக்காரர்கள் அதே சுகாதார ஊழியர்களைப் பூத் தூவி வரவேற்றார்கள். பரிசோதனைக்கு முன்வந்தார்கள். துப்பாக்கியால் ஆகாதது நல்ல வார்த்தையால் ஆயிற்று. ஜூலை 17ஆம் தேதி பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று முதலமைச்சர் அறிவிக்கும் அளவுக்கு நோய் முற்றியிருந்தது. எனினும் ஊர் ஒத்துழைத்ததால் வேலை நடந்தது.

அதே மாதம் அட்டக்குளங்கரைப் பகுதியில் ஒரு பெரிய கடையின் ஊழியர்களில் 60க்கும் மேற்பட்டோருக்குக் கிருமி இருப்பது தெரிய வந்தது. அவர்களில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பலர். “தமிழ்நாட்டுக்காரன் கொண்டு வந்துவிட்டான்” என்ற பேச்சு கிளம்ப இது போதாதா? ஒரே அறையில் பலராகப் படுத்து, ஒரே குழாயில் குளித்து, ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்களிடம் எந்தக் கிருமியும் ஒருவரிடமிருந்து பலருக்குப் பரவும். குற்றம் ஊரிலும் இல்லை, பாஷையிலும் இல்லை. அறையில் இருந்தது.

தெரியாதவன் குற்றவாளியா?

தன்னிடம் கிருமி இருப்பது தெரியாதவன் மீது குற்றம் சுமத்த முடியாது. தெரிந்த பிறகு அவனுக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது. தன் கையால் ஒரு குழந்தைக்கு நோய் வரக்கூடும் என்று அறிந்தவன் சும்மா இருக்கக் கூடாது. டைபாய்டு அற்பமான நோயல்ல. 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 90 லட்சம் பேருக்கு அது வந்து, 1,10,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும் பங்கு நம் தேசமும் அண்டை தேசங்களும் கொடுத்தது.

ஆனால் கடமை ஒரு பக்கம் மட்டும் இருக்க முடியாது. “வேலையை விட்டு நில்” என்று சொல்லும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு என்றால், நின்றவனுக்குச் சோறு போடும் பொறுப்பும் அதற்கு உண்டு. ஊருக்காக ஒருவன் தன் கூலியை இழக்கிறான். அந்த நஷ்டத்தை அவன் ஒருவன் தலையில் மட்டும் கட்டுவது எந்த நியாயம்?

இங்கே தர்மத்தோடு கூட ஒரு கணக்கும் இருக்கிறது. பரிசோதனைக்குப் போனால் வேலை போகும் என்று தெரிந்தால், எந்தத் தொழிலாளி போவான்? காய்ச்சல் வந்தாலும் மாத்திரை விழுங்கிவிட்டுக் கல் முன் நிற்பான். அல்லது பணம் கொடுத்துக் கார்டு வாங்குவான். 2023 பிப்ரவரியில் தலைநகரிலேயே, ஆளைப் பரிசோதிக்காமல் காசுக்குக் கார்டில் கையெழுத்துப் போட்டதாகச் செய்தி வந்து, சம்பந்தப்பட்ட டாக்டர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அப்படி வாங்கிய கார்டு முதலாளியைச் சோதனையிலிருந்து காக்கும். சாப்பிட வருகிறவனைக் காக்காது.

சம்பளம் யார் தருவது?

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1982இல் வந்த நோய்க்கால ஊதிய விதிகளின்படி, தொற்றுக் கிருமி சுமப்பவர் என்ற காரணத்தால் சட்டப்படி வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர், உடம்பில் நோய் இல்லாவிட்டாலும் நோயுற்றவராகவே கருதப்படுவார். அவருக்கு நோய்க்காலச் சம்பளம் உண்டு.

நம் நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளி நோயுற்றால், ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். ஆனால் அதற்கு டாக்டரின் சான்று வேண்டும். மருத்துவம் தேவை என்றும் வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றும் அவர் எழுதித் தர வேண்டும். நோயே இல்லாத கிருமி சுமப்பவருக்கு அப்படி எழுதுவாரா என்பது ஒரு கேள்வி. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் டீக்கடைக்கும் தட்டுக்கடைக்கும் இந்தத் திட்டம் பொதுவாக எட்டாது என்பது இன்னொரு சங்கடம். கார்டு மட்டும் எல்லாருக்கும் எட்டுகிறது!

மருத்துவம் உண்டு என்பது ஆறுதலான விஷயம். தகுந்த மாத்திரையைச் சுமார் 4 வாரம் விடாமல் சாப்பிட்டால் பலருக்குக் கிருமி ஒழிந்துவிடும். பித்தக்கல் உள்ள சிலருக்கு ஆப்பரேஷன் தேவைப்படும். பழைய மாத்திரைகளுக்கு மசியாத கிருமிகள் இந்தியாவில் பெருகிவிட்டதால், எந்த மருந்து கேட்கும் என்று சோதித்துப் பார்த்தே கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கிச் சாப்பிடுவது ஆகாது. ஆக, ஒருவனுடைய பிழைப்பைக் காக்கச் சமுதாயம் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் சில வாரச் சம்பளமும் மருந்தும்தான். ஆயுள் பென்ஷன் அல்ல.

அதுவரை அவன் வேறு வேலை பார்க்கலாம். கல்லாவில் உட்காரலாம், கணக்கு எழுதலாம், விறகும் மூட்டையும் இறக்கலாம். உணவையும் தண்ணீரையும் தொடாத எந்த வேலையிலும் அவனால் யாருக்கும் ஆபத்தில்லை. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கில் இந்தத் தத்துவத்தைத்தான் சொன்னது. எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும், வேலை செய்யத் தெம்புள்ள, பிறருக்கு ஆபத்தில்லாத ஒருவரை வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்பது தீர்ப்பு. எச்.ஐ.வி. உணவு மூலம் பரவாது, டைபாய்டு பரவும். அந்த வித்தியாசம் உண்டு. எனினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ஆள், இந்த வேலையில், மெய்யாகவே பிறருக்கு ஆபத்தா?

இரகசியமும் முக்கியம். பரிசோதனை முடிவு தொழிலாளிக்கும் சுகாதார அதிகாரிக்கும் தெரிந்தால் போதும். மேஜை துடைக்கும் பையன் முதல் வாடிக்கைக்காரர் வரை பேசும் விஷயமாக அது ஆகிவிட்டால், குணமான பிறகும் அவனுக்கு அந்த ஊரில் வேலை கிடைக்காது. சொந்த ஊரில் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள்.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது

ஆள் மீது பழியைப் போடுவது சுலபம். குழாய் மீது போடுவது கஷ்டம். 2024ஆம் ஆண்டு எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூர் ஊராட்சியில் 200க்கு மேற்பட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது. எந்தச் சமையற்காரனும் அதற்குக் காரணமில்லை; விநியோகமான குடிநீரே காரணம் என்று கண்டார்கள். டைபாய்டும் அப்படியே. கிருமி சுமப்பவர் ஒருவர் இருந்தாலும், நல்ல கக்கூஸ், ஓடும் குழாய், பக்கத்தில் ஒரு சோப்பு இவை இருந்தால் கிருமி அவரோடு நின்றுபோகும். சமையலறைக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரும் கதவில்லாத கக்கூசும் இருக்கும் ஹோட்டலில், எத்தனை கார்டு மாட்டி வைத்தாலும் பயனில்லை.

ஆகவே தொழிலாளியிடம் கார்டு கேட்கும் அதிகாரி, முதலாளியிடம் சோப்பும் குழாயும் கேட்க வேண்டும். முதலாளியும் சமையலறைக்குள் கை வைப்பவரானால் அவருக்கும் அதே பரிசோதனை நடக்க வேண்டும். தமிழனுக்கு ஒன்று, வங்காளிக்கு ஒன்று, உள்ளூர்க்காரனுக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது.

தொழிலாளத் தோழர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. விட்டு விட்டு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தால் மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பு டைபாய்டு வந்தவர்கள் கார்டுக்குப் போகும்போது அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொடுத்த மருந்தை நாள் கணக்குத் தவறாமல் முடிக்க வேண்டும். கக்கூஸ் போய்வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உணவைத் தொடுவதில்லை என்று ஒவ்வொருவரும் வைராக்கியம் கொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் தம் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்பதில் வெட்கமில்லை.

கிருமி சுமப்பவன் கள்ளன் அல்ல. தானறியாமல் ஒரு பாரத்தைச் சுமக்கிறவன். அவனைத் துரத்தினால் இன்னொரு ஊரில், இன்னொரு பெயரில், இன்னொரு கல் முன்னால் போய் நிற்பான். சம்பளத்தோடு நிறுத்தி வைத்து மருந்து கொடுத்தால், சில வாரத்தில் கிருமியில்லாத கையோடு அதே கல்லுக்குத் திரும்பி வருவான். தோசை சாப்பிட வருகிற குழந்தைக்கும் அதுதான் நல்லது.